முற்றிய சிறுநீரகச் செயலிழப்பில் இதயத் தமனி நோய்: இஸ்கீமியா-சி.கே.டி. ஆய்வு குறித்த திறனாய்வு

இஸ்கீமியா-சி.கே.டி. என்பது முற்றிய சிறுநீரகச் செயலிழப்பும் இதயத் தமனி நோயும் ஒருங்கே உள்ளவர்களுக்கு எவ்வகைச் சிகிச்சை பயன் தரும் என்று ஆராய்ந்த பன்னாட்டு மருத்துவ ஆய்வு ஆகும். இதன் முடிவுகள் 2019 நவம்பரில் அமெரிக்க இதயக் கழகத்தின் பிலடெல்பியா மாநாட்டில் அறிவிக்கப்பட்டன. 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முழுமையாக வெளிவந்தன. ஸ்ரீபால் பெங்களூர், டேவிட் மேரன், ஜூடித் ஹாக்மன் ஆகியோர் ஆய்வை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர்கள்.

நெஞ்சுவலி கட்டுக்குள் இருக்கும் நிலையில் ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட் வைப்பதாலோ பைபாஸ் அறுவை செய்வதாலோ இந்நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. இதுவே ஆய்வின் சுருக்கம். இம்முடிவு சிலரால் "எதுவும் செய்ய வேண்டாம்" என்றும், வேறு சிலரால் "இந்த ஆய்வு நம் நோயாளிக்குப் பொருந்தாது" என்றும் படிக்கப்படுகிறது. இரண்டும் சரியான வாசிப்பு அல்ல. ஆய்வு எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் திறன் நலமுள்ள இளம் வயதினருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் இருக்கும். இது 30க்குக் கீழ் இறங்கினால் நோய் நான்காம் கட்டத்தை எட்டியதாகவும், 15க்குக் கீழ் இறங்கினால் ஐந்தாம் கட்டத்தை எட்டியதாகவும் கொள்வர். ஐந்தாம் கட்டத்தினருள் பலருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் சிறுநீரக நோயாலேயே இறப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவர்களின் உயிரைப் பறிப்பதில் இதய, இரத்தக்குழாய் நோய்களுக்கே பெரும் பங்கு உண்டு.

இத்தொடர்பு முதலில் தெளிவாகப் பதிவானது 1974இல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நெடுங்காலம் டயாலிசிஸ் செய்துகொண்ட 39 பேரை லிண்ட்னர், ஸ்கிரிப்னர் முதலியோர் தொடர்ந்து கவனித்தனர். அவர்களிடையே இரத்தக்குழாய் அடைப்பு நோய் வழக்கத்தைவிட விரைவாக முற்றுவதாக அவர்கள் எழுதினர். டயாலிசிஸ் உயிரைக் காத்தது. ஆனால் காத்த உயிரை இதயம் பறித்துக்கொண்டது. இந்த அவதானிப்பே பின்வந்த பல பத்தாண்டுச் சிந்தனைக்கு அடித்தளமானது.

ஆனால் சிறுநீரக நோயாளியின் இதயத்தில் அடைப்பு மட்டுமே சிக்கல் அன்று. நீண்ட நாள் உயர் இரத்த அழுத்தத்தாலும் உடலில் நீர் தேங்குவதாலும் இதயத்தின் இடப்பக்க அறையின் சுவர் தடித்துவிடுகிறது. இரத்தக்குழாயின் உட்பக்கம் கொழுப்புப் படிவதோடு, அதன் நடுச்சுவரில் சுண்ணாம்புச் சத்தும் படிந்து குழாய் விறைத்துப்போகிறது. பொட்டாசியத்தின் அளவு ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறி இறங்குகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம், இரண்டு நாள் இடைவெளி விழும்போது இறப்பு கூடுவது கண்டறியப்பட்டுள்ளது. அடைப்பு ஏதும் புதிதாக ஏற்படாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகி திடீர் மரணம் நேரக்கூடும். ஆகவே குழாயைத் திறந்துவிட்டால் இதயம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற கணக்கு, சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பொருந்தும் அளவுக்கு இவர்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் இடர் உண்டு. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். மூச்சிரைப்பும் அசதியும் இதயத்தால் வந்தவையா, இரத்தசோகையால் வந்தவையா, உடலில் நீர் கூடியதால் வந்தவையா என்று பிரித்தறிவது எளிதன்று. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம், மாரடைப்பு இல்லாத பல சிறுநீரக நோயாளிகளிடமும் எப்போதும் சற்று உயர்ந்தே இருக்கும்.

ஆய்வுக்கு முந்தைய நிலை

இதய நோய்க்கான பெரிய மருத்துவ ஆய்வுகள் பலவற்றில் முற்றிய சிறுநீரக நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. கிரியாட்டினின் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆய்வுக்குத் தகுதியில்லை என்பது வழக்கமான விதியாக இருந்தது. அதனால் இதய நோயால் மிகுதியாக இறக்கும் ஒரு பிரிவினருக்கு, தம்மைப் போன்றவரை வைத்து நடந்த ஆய்வின் சான்று கிடைக்காமலே போயிற்று. மற்றவர்களிடம் கிடைத்த விடையைக் கடன் வாங்கி இவர்களுக்குப் பயன்படுத்தினர்.

இக்குறையை நிரப்ப முயன்ற பழைய ஆய்வு ஒன்று 1992இல் லான்செட் இதழில் வந்தது. மான்ஸ்கே குழுவினர் இன்சுலின் சார்ந்த நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ள 26 பேரை இரண்டாகப் பிரித்தனர். மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 10 பேருக்கு இதயம் சார்ந்த பெரும் பாதிப்பு நேர்ந்தது. அடைப்பு நீக்கப்பட்ட 13 பேரில் 2 பேருக்கே அது நேர்ந்தது. இந்தச் சிறிய ஆய்வு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் முன் அடைப்பைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்ற நடைமுறைக்கு நெடுங்காலம் ஆதாரமாகக் காட்டப்பட்டது. 26 பேர் என்பது ஒரு வகுப்பறையை நிரப்பக்கூடப் போதாத எண்ணிக்கை. அன்று கொடுக்கப்பட்ட மருந்துகளும் இன்றைய மருந்துகள் அல்ல. ஸ்டேட்டின் வகை மருந்துகள் பரவலாவதற்கு முந்தைய காலம் அது. இவ்வளவு மெல்லிய அடித்தளத்தின் மேல் இவ்வளவு பெரிய வழக்கம் கட்டப்பட்டது கவனிக்கத்தக்கது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு போக்கு இருந்தது. 2004இல் செர்டோ, நார்மண்ட், மெக்நீல் ஆகியோர், மாரடைப்பு வந்த முதியோரில் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு ஆஞ்சியோகிராம் தேவைக்குக் குறைவாகவே செய்யப்படுவதாக எழுதினர். சாய மருந்து சிறுநீரகத்தை மேலும் கெடுத்துவிடும் என்ற அச்சமே முதன்மையான காரணம். சிறுநீரக நோயாளி என்பதற்காகவே ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கும் இப்போக்குக்கு அவர்கள் "ரீனலிசம்" என்று பெயரிட்டனர். இனம், பால், வயது பற்றிய பாகுபாடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் ஓசையிலேயே அச்சொல்லும் அமைந்தது.

ஆக, ஒருபுறம் தேவையின்றித் தேடிச் செய்வது, மறுபுறம் தேவையானபோதும் அஞ்சி ஒதுங்குவது என்று இரண்டும் ஒரே காலத்தில் நடந்துவந்தன. இவ்விரண்டுக்கும் இடையில் சான்று எங்கே என்ற கேள்விக்கு விடை காண வந்ததே இஸ்கீமியா-சி.கே.டி. ஆய்வு.

ஆய்வின் அமைப்பு

வடிகட்டும் திறன் 30க்குக் குறைந்தவர்கள் அல்லது டயாலிசிஸில் இருப்பவர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எனப்படும் பரிசோதனையில், இதயத் தசைக்கு இரத்தம் போதாமை நடுத்தர அளவிலோ கடுமையாகவோ இருப்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தியா உட்பட 30 நாடுகளைச் சேர்ந்த 777 பேர் பங்கேற்றனர். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் டயாலிசிஸில் இருந்தனர். நீரிழிவு உள்ளவர்களும் பாதிக்கு மேல்.

சமவாய்ப்பு முறையில் இவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவில் 388 பேர். இவர்களுக்கு மருந்துகளோடு ஆஞ்சியோகிராம் செய்து, தகுந்தவர்களுக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்யப்பட்டது. இரண்டாம் குழுவில் 389 பேர். இவர்களுக்கு மருந்துகள் மட்டுமே. மருந்தால் கட்டுப்படாதபோதுதான் ஆஞ்சியோகிராம். முதன்மையாகக் கணக்கில் கொள்ளப்பட்டது இறப்பு அல்லது மாரடைப்பு. நோயாளிகள் கவனிக்கப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 2.2 ஆண்டுகள்.

சில பிரிவினர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலி உள்ளவர்கள், இதயம் சுருங்கி விரியும் திறன் மிகவும் குறைந்தவர்கள், இடது முதன்மைத் தமனியில் அடைப்பு இருப்பது முன்பே தெரிந்தவர்கள் ஆகியோர் அவர்கள். ஆய்வின் முடிவை யாருக்குப் பொருத்தலாம், யாருக்குப் பொருத்தக் கூடாது என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

முடிவுகள்

முதல் குழுவில் 123 பேருக்கும் இரண்டாம் குழுவில் 129 பேருக்கும் இறப்போ மாரடைப்போ நேர்ந்தது. மூன்றாண்டுக் கணக்கில் மதிப்பிட்டால் இது முறையே 36.4 விழுக்காடு, 36.7 விழுக்காடு. இரு குழுக்களையும் ஒப்பிடும் இடர் விகிதம் 1.01. ஒன்று என்றால் வேறுபாடே இல்லை என்று பொருள்.

தீங்கு பற்றிய கணக்கில் வேறுபாடு தெரிந்தது. முதல் குழுவில் பக்கவாதம் கூடுதலாக நேர்ந்தது. இடர் விகிதம் 3.76. இறப்பு அல்லது புதிதாக டயாலிசிஸ் தொடங்க நேர்வது என்ற கூட்டுக் கணக்கிலும் முதல் குழுவே பின்தங்கியது. இடர் விகிதம் 1.48.

நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை ஸ்பெர்டஸ் குழுவினர் தனிக் கட்டுரையாக வெளியிட்டனர். நெஞ்சுவலி குறைவதிலும் வாழ்க்கைத் தரம் உயர்வதிலும் முதல் குழுவுக்கு நிலைத்த, குறிப்பிடத்தக்க நன்மை கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வரை நீட்டித்துப் பார்த்தபோதும் இறப்பில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதே ஆய்வாளர்கள், சிறுநீரகம் இந்த அளவுக்குப் பழுதடையாத 5,179 பேரிடம் நடத்திய இஸ்கீமியா ஆய்வோடு இதை ஒப்பிடலாம். அங்கே இதய நோயால் இறப்பு, மாரடைப்பு இவற்றோடு இதயச் சிக்கலுக்காக மருத்துவமனையில் சேர்வதையும் சேர்த்து எண்ணியும், ஐந்தாண்டில் பாதிக்கப்பட்டோர் 16.4 விழுக்காடும் 18.2 விழுக்காடும்தான். இங்கே மூன்றாண்டிலேயே மூவரில் ஒருவருக்கு மேல் இறப்போ மாரடைப்போ நேர்ந்துவிட்டது. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் நிலை இதுதான். ஆய்வின் மிகக் கசப்பான செய்தி இதுவே. ஆனால் எந்தச் சிகிச்சை வென்றது என்ற விவாதத்தில் இது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஆய்வின் வலிமை

முதலாவதாக, பிற ஆய்வுகள் ஒதுக்கிய நோயாளிகளையே இது மையமாகக் கொண்டது. 26 பேரிலிருந்து 777 பேருக்கு வந்தது பெரிய முன்னேற்றம். இரண்டாவதாக, ஆய்வுக்கான முதன்மை நிதி அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்திடமிருந்து வந்தது. ஸ்டென்ட் விற்பவர்கள் நடத்திய ஆய்வு என்ற ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவதாக, ஆஞ்சியோகிராம் செய்தபோது சிறுநீரகத்தைக் காக்க இயன்றதெல்லாம் செய்யப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு சாய மருந்து செலுத்தலாம், எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்று தனித்தனியே கணக்கிட்டனர். இவ்வளவு கவனத்தோடு செய்தும் நன்மை கிட்டவில்லை என்பதால் முடிவின் எடை கூடுகிறது. சாய மருந்தை அளந்து பார்க்காமல் செலுத்தும் இடங்களில் விளைவு இதைவிட நன்றாக இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

ஆய்வின் குறைகள்

ஒரு ஆய்வு பெரிய இதழில் வந்தது என்பதற்காக அதன் குறைகளைக் காணாமல் விடலாகாது. அவற்றுள் ஐந்து முக்கியமானவை.

முதல் குறை எண்ணிக்கை பற்றியது. இடர் விகிதம் 1.01 என்றாலும், அதைச் சூழ்ந்த 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.79 முதல் 1.29 வரை விரிகிறது. அதாவது உண்மையான விளைவு 21 விழுக்காடு நன்மையாகவும் இருக்கலாம், 29 விழுக்காடு தீமையாகவும் இருக்கலாம். "நன்மை இல்லை என்று நிறுவப்பட்டது" என்பதைவிட "பெரிய நன்மை இருக்க வாய்ப்பில்லை" என்பதே துல்லியமான கூற்று. பக்கவாதம் பற்றிய எண்ணிலும் இதே எச்சரிக்கை தேவை. 3.76 என்ற விகிதத்தின் இடைவெளி 1.52 முதல் 9.32 வரை அகன்றுள்ளது. குறைந்த எண்ணிக்கையிலான நிகழ்வுகளிலிருந்து பெறப்பட்ட விகிதம் என்பதையே இந்த அகலம் காட்டுகிறது. ஸ்டென்ட் வைத்தால் பக்கவாதம் நான்கு மடங்காகும் என்று நோயாளியிடம் சொல்வது, ஆய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

இரண்டாம் குறை: பெயரளவில் அடைப்பு நீக்கும் குழுவில் இருந்தோர் அனைவருக்கும் அடைப்பு நீக்கப்படவில்லை. முதல் குழுவில் மூன்றாண்டில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. ஸ்டென்ட்டோ பைபாஸோ பெற்றவர்கள் பாதிப் பேர்தான். இரண்டாம் குழுவிலும் சுமார் 20 விழுக்காட்டினர் பின்னர் அவற்றைப் பெற்றனர். ஒப்பிடப்பட்டவை இரண்டு வழிமுறைகளே தவிர, ஸ்டென்ட்டும் மாத்திரையும் அல்ல. ஆனால் இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பரிசோதனையில் இரத்தம் போதாமை தெரிந்தும், குழாயைப் பார்த்தபோது சரிசெய்யத்தக்க அடைப்பு பலரிடம் இல்லை. இந்நோயாளிகளிடம் ஸ்ட்ரெஸ் டெஸ்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை ஆய்வே எழுப்பிவிடுகிறது.

மூன்றாம் குறை: சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் நெஞ்சுவலியே இல்லை. வலி இல்லாதவரிடம் வலி குறையாதது வியப்பன்று. அடிக்கடி நெஞ்சுவலியால் துன்புறுபவருக்கு ஸ்டென்ட் ஆறுதல் தருமா என்ற வினாவுக்கு இவ்வாய்வின் விடை வலுவற்றது. சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருந்தவர்களிடம் நடந்த இஸ்கீமியா ஆய்வில், அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி குறைந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

நான்காம் குறை: இஸ்கீமியா ஆய்வில் பெரும்பாலோருக்கு சி.டி. ஸ்கேன் மூலம் இடது முதன்மைத் தமனி பார்க்கப்பட்டு, அங்கே அடைப்பு இருந்தால் அவர்கள் விலக்கப்பட்டனர். சாய மருந்தைத் தவிர்க்க வேண்டியிருந்ததால் சி.கே.டி. ஆய்வில் அவ்வாறு செய்யப்படவில்லை. எனவே சேர்ந்தவர்களின் தமனி நோய் எவ்வளவு கடுமையானது என்பது முன்கூட்டியே முழுமையாகத் தெரியவில்லை.

ஐந்தாவது, ஆய்வின் குறை என்பதைவிட அதைப் படிப்பவர் கவனிக்க வேண்டியது எனலாம். ஆய்வில் "மருந்து மட்டும்" என்றால் வெறுமனே ஒரு மருந்துச் சீட்டு அல்ல. இரத்த அழுத்தத்துக்கும் கெட்ட கொழுப்புக்கும் இலக்கு வைத்து, நோயாளியைத் திரும்பத் திரும்ப வரவழைத்து, மருந்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தனர். இவ்வகைக் கவனிப்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பது மேலை நாடுகளின் வழக்கம். இந்தியாவில் செலவு கருதி வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். உடலில் நீர் கூடுவதும் இதயத்தின் சுமை கூடுவதும் அவர்களிடம் வேறாக இருக்கும். மருந்து வழியைத் தேர்ந்துவிட்டு மருந்தையும் ஒழுங்காகக் கொடுக்காவிட்டால், அதற்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட இயலாது.

மருந்துகளின் சான்றும் குறைவே

மருந்துப் பக்கத்திலும் கடன் வாங்கிய சான்று பலமுறை ஏமாற்றியுள்ளது. ஸ்டேட்டின் மருந்துகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த 1,255 நீரிழிவு நோயாளிகளிடம் அடோர்வாஸ்டாடினைச் சோதித்த 4டி ஆய்வு 2005இல் வெளிவந்தது. கொழுப்பு குறைந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவில் மாரடைப்பும் இறப்பும் குறையவில்லை. 2009இல் வந்த அரோரா ஆய்வில் டயாலிசிஸில் இருந்த 2,700க்கும் மேற்பட்டோரிடம் ரோசுவாஸ்டாடின் சோதிக்கப்பட்டது, முடிவு அதேதான். 2011இல் வெளியான ஷார்ப் ஆய்வில் சிறுநீரக நோயுள்ள 9,270 பேர் பங்கேற்றனர். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே டயாலிசிஸில் இருந்தனர். சிம்வாஸ்டாடின், எசெடிமைப் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் அடைப்பு சார்ந்த பாதிப்புகள் 17 விழுக்காடு குறைந்தன.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தே, டயாலிசிஸுக்கு வராத சிறுநீரக நோயாளிகளுள் பெரும்பாலான மூத்தோருக்கு ஸ்டேட்டின் கொடுக்கலாம், டயாலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம், முன்பே எடுத்துவருபவர் நிறுத்த வேண்டாம் என்று கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2013இல் பரிந்துரைத்தது. நோய் முற்றும் முன் பயன் தரும் மருந்து, முற்றிய பின் பயனிழக்கலாம் என்பதே இதன் பாடம். இதயத்தைக் காக்கும் வேலை டயாலிசிஸ் அறையில் தொடங்குவதைவிட, பல ஆண்டுகளுக்கு முன்பே, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும்போதே தொடங்க வேண்டும்.

தவறான வாசிப்புகள்

ஆய்வின் முடிவைச் "சிறுநீரக நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் கூடாது" என்று படிப்பது பழைய ரீனலிசத்துக்குப் புதிய சான்றிதழ் கொடுப்பதாகும். திடீரென மாரடைப்பு வந்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை. நெஞ்சுவலியோடு, இ.சி.ஜி.யில் முழு அடைப்பின் அறிகுறியோடு அவசரப் பிரிவுக்கு வருபவரிடம், கிரியாட்டினின் 6 என்பதால் காத்திருப்போம் என்று சொல்ல இவ்வாய்வில் இடமே இல்லை. மருந்துக்கு அடங்காத வலிக்கும், இதயத் திறன் மிகவும் குறைந்த நிலைக்கும் இதே விதி பொருந்தும்.

இதற்கு எதிரான வாசிப்பும் தவறே. "இரத்தம் போதாமை பரிசோதனையில் தெரிந்துவிட்டது, அடைப்பை விட்டுவைக்கலாமா" என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். நலமாக நடமாடும் ஒருவருக்கு, இன்னும் 20 மில்லிலிட்டர் வடிகட்டும் திறன் மிச்சமிருக்கும் நிலையில், இந்த வாதத்தின் பேரில் ஆஞ்சியோகிராம் செய்ய முனைந்தால் அவர் பணயம் வைப்பது டயாலிசிஸ் இல்லாமல் கழியக்கூடிய காலத்தை. ஸ்டென்ட் வைத்த பின் உட்கொள்ளும் இரட்டை இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளால், ஏற்கெனவே இரத்தக்கசிவு எளிதில் ஏற்படும் உடலில் அந்த அபாயம் மேலும் கூடும். மணிக்கட்டுத் தமனி வழியே ஆஞ்சியோகிராம் செய்தால், பிற்காலத்தில் டயாலிசிஸுக்காக அக்கையில் இரத்தக்குழாய் இணைப்பு அமைக்க முடியாமல் போகலாம். சிறு விவரம் போலத் தெரியும் இது, டயாலிசிஸை எதிர்நோக்கி இருப்பவருக்குப் பெரிய இழப்பு. இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு, பெரிய நன்மை ஏதும் தென்படவில்லை என்பதே இவ்வாய்வின் விடை.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர்

1992ஆம் ஆண்டின் சிறிய ஆய்வு அதிகம் பயன்பட்ட இடம் இதுதான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவையை இதயம் தாங்க வேண்டுமே என்ற கவலையில், அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனைகள் தொடர்ந்து செய்யப்பட்டன. இஸ்கீமியா-சி.கே.டி. ஆய்வில் பங்கேற்றோரில் சுமார் கால் பங்கினர் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருந்தவர்கள். அவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அடைப்பு நீக்கும் வழியால் கூடுதல் நன்மை தெரியவில்லை. உட்பிரிவுக் கணக்கு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஸ்டென்ட் வைத்து, அதற்கான மருந்துகளை நிறுத்த முடியாமல் மாற்று அறுவையையே தள்ளிப்போடும் நிலை ஒருவருக்கு ஏற்பட்டால், அவருக்கு மிகப் பெரிய நன்மை தரக்கூடிய சிகிச்சையே அங்கே தாமதமாகிறது என்பதை மறக்கலாகாது.

மதிப்பீடு

இஸ்கீமியா-சி.கே.டி. குறைகள் உள்ள ஆய்வு. ஆயினும் தன் துறையில் இதுவரை நடந்தவற்றுள் மிகவும் பயனுள்ள ஆய்வுகளுள் ஒன்று. அது நிறுவியது ஒரு வரையறைக்குட்பட்ட உண்மை: நோய் நிலையாகவும் வலி கட்டுக்குள்ளும் இருக்கும் முற்றிய சிறுநீரக நோயாளிக்கு, பரிசோதனை முடிவை மட்டும் வைத்து ஆஞ்சியோகிராமுக்கு விரைய வேண்டியதில்லை. அது நிறுவாதவை: மாரடைப்பு வந்தவருக்கு என்ன செய்வது, வலியால் வாடுபவருக்கு எது ஆறுதல், இடது முதன்மைத் தமனியில் அடைப்புள்ளவருக்கு எது நல்லது என்பன.

இந்த எல்லைக்குள் நின்றால், முடிவெடுப்பதில் நோயாளிக்கும் இடம் கிடைக்கிறது. இரு வழிகளும் ஆயுளில் ஏறத்தாழச் சமம் என்றால், எஞ்சிய நாட்களை எப்படிக் கழிக்க விரும்புகிறார் என்பதே தராசின் முள்ளை நகர்த்த வேண்டும். டயாலிசிஸைத் தள்ளிப்போடுவது ஒருவருக்கு முக்கியமாக இருக்கலாம். மாடிப்படி ஏறும்போது வலி இல்லாமல் இருப்பது மற்றொருவருக்கு முக்கியமாக இருக்கலாம். இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் தனித்தனி அறைகளில் தனித்தனிச் சீட்டு எழுதாமல், ஒன்றாக அமர்ந்து நோயாளியிடமும் குடும்பத்தினரிடமும் இதை விளக்கிச் சொல்வது முறையான வழி.

மூன்றாண்டில் மூவரில் ஒருவருக்கு மேல் இறப்போ மாரடைப்போ நேர்கிறது என்ற எண் இரு குழுவிலும் மாறாமல் நிற்கிறது. எந்த வழி மேல் என்ற விவாதத்தை விட அந்த எண்ணைக் குறைப்பது எப்படி என்பதே பெரிய கேள்வி. அதற்கான விடையும் சிறுநீரக நோயாளிகளைச் சேர்த்து நடத்தும் ஆய்வுகளிலிருந்தே வர வேண்டும்.